கறுப்பர் நகரத்திலிருந்து வேப்பேரிக்கு: சென்னைத் தமிழ்ச் சபையின் தொடக்க காலம்

சென்னையில் தமிழ்ப் புராட்டஸ்டண்டு சபை ஒன்று உருவாவதற்கான முதல் வழியை 1717இல் இரண்டு பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. தரங்கம்பாடியில் இயங்கிய லுத்தரன் மிஷனரிகளான பார்த்தலோமேயு சீகன்பால்கும் யோவான் எர்ன்ஸ்ட் குருண்ட்லரும் அவற்றை நடத்த அனுமதி கேட்டார்கள். போர்ச்சுகீசிய மொழி பேசுவோரின் பிள்ளைகளுக்கு ஒன்று, தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொன்று என்பது அவர்கள் திட்டம். புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர் ஜோசப் காலெட் அதற்கு இசைந்தார். கோட்டைக் குருவாக இருந்த வில்லியம் ஸ்டீவன்சன் பக்கபலமாக நின்றார்.

இந்தக் காலெட்டின் பெயரில்தான் திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டை அமைந்தது. 1708இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்துக் கைநழுவிய திருவொற்றியூர் முதலான ஐந்து கிராமங்களை, முகலாயப் பேரரசர் பரூக்சியாரின் ஆணையைக் காட்டி 1717இல் கம்பெனி மீண்டும் தன்வசமாக்கிக்கொண்டது. ஏற்றுமதித் துணிக்கு ஆள் தேவைப்பட்டதால் நெசவாளர்களைக் கொண்டுவந்து காலெட் அங்கே குடியமர்த்தினார். அந்தக் குடியிருப்பின் நடுவே உள்ள கல்யாண வரதராசப் பெருமாள் கோயிலும் அவர் ஆதரவில் எழுந்தது என்பது ஊர் வழக்கு. காஞ்சிபுரத்து வரதராசரைத் தொழாமல் வேலைக்கு வராத வீரராகவன் என்ற அலுவலருக்காக ஆளுநர் அதைக் கட்டிக்கொடுத்தார் என்றும் கதை சொல்வார்கள். நெசவாளர் குடியிருப்பையும் மிஷன் பள்ளியையும் ஒரே ஆட்சி இரண்டு ஆண்டு இடைவெளிக்குள் ஆதரித்தது. ஊர் நிறைய வேண்டும், வணிகம் நடக்க வேண்டும், குழப்பம் கூடாது என்பதே கம்பெனியின் கணக்கு. புதிய சபைக்கு இடம் கிடைத்ததும் அந்தக் கணக்குக்குள்தான்.

தரங்கம்பாடி வகுத்த முறை

சென்னைச் சபையின் நடைமுறைகள் பெரும்பாலும் தரங்கம்பாடியிலிருந்து வந்தவை. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்கும் ஹென்றி புளூட்சௌவும் 1706 ஜூலை 9 அன்று அங்கே கரையிறங்கினார்கள். மறு ஆண்டே ஒரு சிறு ஆலயம் எழுந்தது. ஆனால் அங்கிருந்த டேனிஷ் தளபதிக்கும் சீகன்பால்குக்கும் ஒத்துப்போகவில்லை. 1708 இறுதியில் சிறைவைக்கப்பட்ட சீகன்பால்கு ஏறத்தாழ நான்கு மாதம் கழித்தே வெளியே வந்தார். மன்னரின் ஆணை கையில் இருந்தும், உள்ளூர் அதிகாரியின் மனம் இல்லாமல் சபை நடத்த முடியாது என்பது அப்போது தெளிவாயிற்று. சென்னையில் முதலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்று, பிறகே பள்ளி திறந்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

தரங்கம்பாடியில் நான்கு வேலைகள் ஒன்றாகவே நடந்தன. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஞானஸ்நானம் பெற விரும்புவோருக்கு லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தை மனப்பாடமாகக் கற்பித்தல், ஊர் ஊராகச் சென்று சபையாரைச் சந்திக்கும் தமிழ் உபதேசியார்கள், அச்சிட்ட புத்தகங்கள் ஆகியவையே அந்த நான்கு. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடி அச்சகத்தில் நிறைவு பெற்றது. ஞானஸ்நானம், திருமணம், மரணம் எல்லாம் பதிவேட்டில் ஏறின. நடந்தவற்றை எழுதி ஆண்டுதோறும் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார்கள். அங்கே அவை அச்சாகி, நன்கொடையாளர்களின் கைக்குப் போயின. பணம் அந்த வழியாகவே திரும்பி வந்தது.

உபதேசியார் பதவி இதில் நடுநாயகமானது. மிஷனரிக்குத் தமிழ் எவ்வளவு தெரிந்தாலும், ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாவு, கல்யாணம், கடன், சண்டை பற்றிப் பேச அவரால் எளிதில் முடியாது. அதை உபதேசியார் செய்தார். அவர்களில் ஒருவரான ஆரோன், கடலூரில் சைவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து 1718இல் ஞானஸ்நானம் பெற்றவர். 1733 டிசம்பர் 28 அன்று அவர் குருப்பட்டம் பெற்று, இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்டு இந்தியப் போதகரானார். தரங்கம்பாடி இந்த நிலையை எட்டுவதற்கு இருபத்தேழு ஆண்டுகள் பிடித்தன.

ஷுல்ட்சேயின் பதினேழு ஆண்டுகள்

சென்னையில் 1717இல் தொடங்கிய பள்ளிகள் நிலைக்கவில்லை. 1719இல் சீகன்பால்கு இறந்தார். 1720இல் குருண்ட்லரும் இறந்தார். அதே 1720இல் காலெட் பதவி விட்டுக் கப்பலேறினார். தொடங்கியவர்களும் அனுமதித்தவரும் இல்லாமல் போனபோது, பள்ளியைத் தாங்க உள்ளூரில் எவரும் ஆயத்தமாக இல்லை.

மீண்டும் தொடங்கியவர் பெஞ்சமின் ஷுல்ட்சே. 1719இல் தரங்கம்பாடி வந்த இவர், குருண்ட்லர் மறைந்தபின் மிஷனை ஏறக்குறைய தனியாக நடத்தினார். சீகன்பால்கு ரூத்தின் புத்தகம் வரை விட்டுச்சென்ற பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை முடித்து அச்சேற்றினார். 1725இல் வால்தர், பிரெசியர், போசே ஆகிய மூன்று புதியவர்கள் வந்து சேர்ந்ததும் சிக்கல் தொடங்கியது. தனியாக முடிவெடுத்துப் பழகியவரால் கூட்டாக வேலை செய்ய முடியவில்லை. 1726இல் அவர் தரங்கம்பாடியை விட்டுச் சென்னைக்கு வந்தார். இன்று உயர்நீதிமன்ற வளாகம் நிற்கும் பகுதியில், கோட்டைக்கு வடக்கே அப்போதிருந்த பழைய கறுப்பர் நகரத்தில் பள்ளியைத் திறந்து, தமிழ்ச் சபை ஒன்றைக் கூட்டினார்.

பணத்துக்கு லண்டனில் 1698 முதல் இயங்கிவந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் முன்வந்தது. 1728இல் அது சென்னை மிஷனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. சங்கம் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தது. போதகர்களோ ஜெர்மன் லுத்தரன்கள். லண்டன் சம்பளம் கொடுத்தது, ஹாலே ஆள் கொடுத்தது, கம்பெனி இடம் கொடுத்தது. இந்த ஏற்பாடு நூறாண்டு அளவுக்கு நீடித்ததற்குக் காரணம், சபையின் அன்றாட வழிபாட்டில் லண்டன் பெரிதாகத் தலையிடவில்லை என்பதே.

கறுப்பர் நகரத்தில் தமிழ் மட்டும் போதவில்லை. வணிகர்களிலும் வேலையாட்களிலும் தெலுங்கு பேசுவோர் ஏராளம். ஐரோப்பியக் கலப்புக் குடும்பங்களும், வீட்டு வேலைக்காரர் பலரும் போர்ச்சுகீசிய மொழி பேசினார்கள். இஸ்லாமியர் நடுவே இந்துஸ்தானி வழங்கியது. ஷுல்ட்சே எல்லாவற்றிலும் இறங்கினார். தெலுங்கில் வேதாகமத்தை மொழிபெயர்த்தார். இந்துஸ்தானிக்கு இலக்கணம் எழுதினார். அவருடைய தெலுங்கு வேதாகமம் அச்சேறவே இல்லை. பல மொழியில் வேலை தொடங்குவது ஒருவரால் முடியும். அதைத் தொடர்ந்து நடத்த ஆட்கள் வேண்டும். சென்னையில் வேரூன்றியது தமிழ்ச் சபைதான். அதற்குத் தஞ்சை, கடலூர், தரங்கம்பாடிப் பகுதிகளிலிருந்து உபதேசியார்களும் புத்தகங்களும் வந்துகொண்டே இருந்ததே காரணம்.

அவருடன் பணியாற்ற 1730இல் சர்டோரியஸும் 1732இல் கைஸ்டரும் வந்தார்கள். சர்டோரியஸ் தமிழை நன்கு பேசக்கூடியவர் என்று பெயர் பெற்றவர். ஆனால் ஷுல்ட்சேயின் கூட்டாளிகள் யாருக்கும் அவருடன் நெடுநாள் இருக்க இயலவில்லை. 1737இல் இருவரும் கடலூருக்குச் சென்று அங்கே புதிய பணியைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே சர்டோரியஸ் இறந்தார். 1743இல் ஷுல்ட்சே ஊர் திரும்பினார். ஹாலேயில் அவர் தம் இந்துஸ்தானி இலக்கணத்தையும் தெலுங்குப் பிரசுரங்களையும் அச்சிட்டார்.

பப்ரிசியஸும் போர்களும்

1742 இறுதியில் பொறுப்புக்கு வந்தவர் யோவான் பிலிப் பப்ரிசியஸ். 1711இல் ஜெர்மனியின் ஹெசே பகுதியில் பிறந்து, சட்டமும் இறையியலும் பயின்று, 1740இல் தரங்கம்பாடி வந்து தமிழ் கற்றவர். திருமணம் செய்துகொள்ளாமல் எளிமையாக வாழ்ந்தார். சண்டை போடாத குணம் அவருடையது. ஷுல்ட்சே தொடங்கி வைத்ததைக் காப்பாற்றும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது.

நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே சென்னையைப் பிடித்தார். பிரெஞ்சு ஆட்சியில் கோட்டைக்கு அருகே இருந்த கறுப்பர் நகர வீடுகள் பெருமளவில் இடிக்கப்பட்டன; மிஷன் கட்டடங்களும் போயின. பப்ரிசியஸ் பள்ளிப் பிள்ளைகளையும் சபையாரில் ஒரு பகுதியினரையும் கூட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்குச் சென்றார். பழவேற்காடு அப்போது டச்சுக்காரர் வசம் இருந்தது. அவர்களும் புராட்டஸ்டண்டுகள். அதனால் அகதிகளுக்கு அங்கே இடம் கிடைத்தது. ஆலயம் இல்லை, மிஷன் வீடு இல்லை, சபையார் பல ஊர்களில் சிதறிக் கிடந்தார்கள். பள்ளி மட்டும் பழவேற்காட்டில் நடந்தது. அந்த இடைக்காலத்தில் சபை உயிரோடு இருந்ததற்கு அந்தப் பள்ளியே காரணமாயிற்று.

ஐரோப்பாவில் ஏற்பட்ட ஏ-லா-ஷப்பேல் உடன்படிக்கையின்படி 1749இல் சென்னை மீண்டும் ஆங்கிலேயரிடம் வந்தது. பிரெஞ்சுக்காரருக்கு உதவினார்கள் என்ற ஐயத்தின் பேரில் கத்தோலிக்கக் குருமார்களைக் கம்பெனி ஒடுக்கியது. கோட்டைக்குள் 1642 முதல் பணியாற்றிய கப்புச்சின் துறவிகள் தங்கள் ஆலயத்தை இழந்தார்கள். வேப்பேரியில் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் கட்டியிருந்த கத்தோலிக்கச் சிற்றாலயமும் பறிக்கப்பட்டு, 1752இல் முறைப்படி மிஷனிடம் சேர்ந்தது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டியவர், பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்தவர் என்று இன்றும் அறியப்படும் உஸ்கான், ஆங்கிலேயருக்கு எதிராக எதுவும் செய்யாதவர். சென்னைச் சபைக்கு நிலையான ஆலயம் கிடைத்தது; ஆனால் அது இன்னொரு சபையிடமிருந்து அரசு பறித்துக் கொடுத்தது. அரசின் நிழலில் வளரும் சபைக்கு வரும் நன்மைக்கும் சங்கடத்துக்கும் வேப்பேரி ஆலயமே சான்று.

கறுப்பர் நகரத்திலிருந்து வேப்பேரிக்கு மாறியது சபையின் தன்மையையும் மாற்றியது. நெருக்கமான வணிகத் தெருக்களை விட்டு, தோட்டங்களும் வெளியிடமும் உள்ள புறநகருக்கு அது வந்துவிட்டது. ஆலயம், பள்ளி, போதகர் வீடு, உபதேசியார் வீடுகள், கல்லறைத் தோட்டம் ஆகியவை ஒரே வளாகத்தில் அமைந்தன. தமிழ்நாட்டில் பின்னர் எழுந்த மிஷன் வளாகங்கள் பலவற்றுக்கும் இதுவே அமைப்பு.

அமைதி நீடிக்கவில்லை. 1758 டிசம்பரில் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டது. மதில் இல்லாத வேப்பேரி கொள்ளையடிக்கப்பட்டது. பப்ரிசியஸ் மறுபடியும் சபையாரோடு பழவேற்காட்டுக்குப் போனார். 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியதும் திரும்பி வந்தார். 1767இலும் 1780இலும் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் புறநகர்களை நெருங்கியபோது வேப்பேரியில் மீண்டும் அச்சம் பரவியது. 1781, 1782ஆம் ஆண்டுகளில் பஞ்சம் வந்தது.

அச்சகமும் புத்தகமும்

போர் சபைக்குக் கேடு செய்தது. ஒரே ஒரு நன்மையும் போரிலிருந்தே வந்தது. 1761 ஜனவரியில் ஐயர் கூட் புதுச்சேரியைப் பிடித்தபோது, அங்கிருந்த அச்சு இயந்திரம் ஒன்று ஆங்கிலேயர் கைக்கு வந்தது. சென்னையில் அதை இயக்கத் தெரிந்தவர்கள் மிஷனரிகளே. கம்பெனியின் வேலைகளை அச்சிட்டுத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு அந்த இயந்திரம் வேப்பேரிக்கு வந்தது. அங்கே வேர்விட்ட அச்சுத் தொழில் பின்னாளில் டயோசிசன் அச்சகமாக வளர்ந்தது.

பப்ரிசியஸின் மிக நீண்ட உழைப்பு இந்த அச்சகத்தோடு இணைந்தது. சீகன்பால்கும் ஷுல்ட்சேயும் செய்த வேதாகம மொழிபெயர்ப்பை அவர் மூல மொழிகளோடு ஒப்பிட்டு வரிவரியாகத் திருத்தினார். திருத்திய பகுதிகளைத் தமிழறிந்தவர்களிடமும் எழுத்தறியாதவர்களிடமும் வாசித்துக் காட்டி, காதுக்கு எப்படி ஒலிக்கிறது என்று கேட்டு மாற்றினார். அவர் புதிய ஏற்பாடு 1772இல் வேப்பேரியில் அச்சாயிற்று. பழைய ஏற்பாடு பகுதி பகுதியாக வந்து அவர் மறைவுக்குப் பிறகே முடிந்தது. ஜெர்மன் ஞானப்பாட்டுகளை நூற்றுக்கணக்கில் தமிழாக்கி, அவற்றின் மெட்டுகளுக்குப் பொருந்தும்படி அமைத்தார். உடன் உழைத்த பிரைத்தாப்டோடு சேர்ந்து அவர் தொகுத்த தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் வெளிவந்தது. ஏறத்தாழ ஒன்பதாயிரம் சொற்கள் கொண்ட அந்நூல் பின்னர் விரிவாக்கப்பட்டு, பப்ரிசியஸ் அகராதி என்றே இன்றளவும் பயன்படுகிறது.

இந்தப் புத்தகங்கள் சபையைத் தாங்கிய விதம் எளிமையானது. மிஷனரி நோயுற்றாலும், ஓடிப்போக நேர்ந்தாலும், உபதேசியார் கையில் வாசிக்க வேதமும் பாடப் பாட்டும் கற்பிக்க ஞானோபதேசமும் இருந்தன. ஞாயிறு ஆராதனை ஒருவருடைய பேச்சாற்றலைச் சார்ந்து நிற்கவில்லை. பாட்டுகளை மனப்பாடமாக அறிந்த சபை, போதகர் இல்லாமலே கூடிக் கும்பிட முடிந்தது.

பணத்தில் நேர்ந்த முறிவு

புத்தக வேலையில் அத்தனை கவனம் காட்டிய பப்ரிசியஸ், பணத்தில் அதைக் காட்டவில்லை. மிஷன் நிதியோடு விதவைகளும் அநாதைகளும் நம்பி ஒப்படைத்த சேமிப்புகளும் அவரிடம் இருந்தன. அக்காலச் சென்னையில் வட்டிக்குக் கொடுப்பது சாதாரணம்; ஆர்க்காட்டு நவாபின் கடன் பத்திரங்களில் கம்பெனி அதிகாரிகளே பணத்தைக் கொட்டியிருந்தார்கள். பப்ரிசியஸ் தம்மிடம் இருந்த பணத்தை நவாபின் உறவினர் வட்டாரத்தில் கடனாகக் கொடுத்தார். அது திரும்பி வரவில்லை. பணம் போட்டவர்கள் கேட்கத் தொடங்கியதும், அந்தப் பெருங்கடனுக்கு அவரே பொறுப்பாளியானார். முதிய வயதில் கடனுக்காகச் சிறையில் கிடந்தார்.

தனக்கென ஒரு காசும் சேர்க்காதவர் அவர் என்பதில் ஐயம் இல்லை. குறை முறைமையில் இருந்தது. ஞானஸ்நானத்துக்குப் பதிவேடு வைத்த சபை, நிதியைக் கணக்குப் பார்க்க இன்னொருவரை வைக்கவில்லை. லண்டனிலிருந்தும் ஹாலேயிலிருந்தும் கேள்வி வந்து சேர ஓராண்டு ஆகும். உள்ளூரில் சபையாரிலிருந்து ஒரு குழு பணத்தை மேற்பார்க்கும் வழக்கம் அப்போது உருவாகவில்லை. பள்ளி, பாட்டு, வேதம் மூன்றையும் பலர் கைக்குக் கொண்டுபோன மிஷன், பணத்தை மட்டும் ஒருவர் கையில் வைத்திருந்தது. முறிந்ததும் அந்த இடத்தில்தான். 1788இல் பப்ரிசியஸ் பொறுப்பிலிருந்து விலகினார். 1791 ஜனவரியில் காலமானார்.

கெரிக்கேயும் சீரமைப்பும்

வேப்பேரியை மீட்டெடுத்தவர் கிறிஸ்டியன் வில்லியம் கெரிக்கே. 1760களில் கடலூருக்கு வந்து, 1782இல் அந்த ஊர் பிரெஞ்சுக்காரரிடம் விழும்வரை அங்கே சபையை நடத்தியவர். போர்க்காலத்தில் நிர்வாகம் செய்து பழகியவர், பணத்தைக் கையாளத் தெரிந்தவர். சென்னையில் 1787இல் ஆளுநரின் மனைவி சீமாட்டி கேம்பலின் முயற்சியால் தொடங்கிய பெண் அநாதை இல்லத்துக்கும் அவர் துணைநின்றார். மிஷனின் கணக்குகளைச் சீர்செய்தார். தம் சொத்தின் பெரும்பகுதியை வேப்பேரி மிஷனுக்கே எழுதிவைத்தார்.

கெரிக்கேயின் காலத்தில் சபையின் பரப்பு சென்னைக்கு வெளியே விரிந்தது. 1802இல் திருநெல்வேலிச் சீமையில் பயணம் செய்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அந்த மக்களை ஆயத்தப்படுத்தியவர்கள் தஞ்சையில் 1790இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதனும், முதலூர் பகுதியில் உழைத்த டேவிட் சுந்தரானந்தமும் ஆவர். உபதேசியார் முறை எட்டு பத்து ஆண்டுகளில் செய்த வேலை, ஒரே பயணத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. 1803 அக்டோபர் 2 அன்று வேலூரில் கெரிக்கே இறந்தார். ஷுல்ட்சேயின் சிறு பள்ளி, எழுபத்தேழு ஆண்டுகளில் ஆலயமும் அச்சகமும் நிதியும் கொண்ட சபையாகியிருந்தது.

தள்ளிவைத்த கேள்வி

தொடக்க காலத் தலைவர்கள் ஒரு கேள்வியைத் தீர்க்காமல் விட்டார்கள். ஆலயத்துக்குள் சாதி வேறுபாடு நீங்க வேண்டுமா என்பது அது. 1718இல் கட்டிய தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயத்திலேயே சாதிவாரியாக இருக்கைகள் பிரிந்திருந்தன. சபை சிறிதாக இருக்கும்போது இதை வற்புறுத்தினால் ஆள் போய்விடும் என்று ஜெர்மன் மிஷனரிகள் கருதினார்கள். காலப்போக்கில் தானாக மறையும் என்று எண்ணினார்கள். மறையவில்லை, பழக்கம் உரிமையாக உறைந்தது.

1825இல் லண்டன் சங்கம் தன் தென்னிந்திய மிஷன்களை இன்னோர் ஆங்கிலிக்கன் அமைப்பான நற்செய்திப் பரப்புச் சங்கத்திடம் ஒப்படைத்தது. வேப்பேரியில் பழைய சிற்றாலயம் இருந்த இடத்தில் புனித மத்தியாஸ் ஆலயம் அந்த ஆண்டுகளில் எழுந்தது. நிர்வாகம் முழுமையாக ஆங்கிலிக்கன் கைக்குப் போனது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு முற்றிலும் ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் ஜெர்மனியிலிருந்து வந்த லைப்சிக் லுத்தரன் மிஷனில் சேர்ந்தனர். ஒரே பதிவேட்டில் இருந்த குடும்பங்கள் இரண்டு சபைகளாகப் பிரிந்தன.

இன்று புனித மத்தியாஸ் ஆலயம் 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. புரசைவாக்கத்தில் லுத்தரன் சபையின் அடைக்கலநாதர் ஆலயமும் பப்ரிசியஸ் பெயர் தாங்கிய பள்ளியும் இருக்கின்றன. பிரிந்த இரு சபைகளும் தங்கள் தொடக்கமாகக் கொள்வது, பழவேற்காட்டுக்கு இருமுறை ஓடித் திரும்பிய அதே தமிழ்ச் சபையைத்தான்.

(தொடரும்)